உடைந்த கோப்பைகள்

வோலோஸ் நகரில் பசியைச் சொல்லிக் கேட்க முடியாது,
தாகத்தை மட்டும் சொல்லலாம்.
"சோம்பு போட்டதா, போடாததா?"
பொலிக்சேனியின் கடையில் கேள்வி அவ்வளவுதான்.
விரல் நீளப் புட்டியில் சாராயம் வரும்.
கூடவே ஒரு சின்னத் தட்டு.
அதில் என்ன என்பது அவள் பாடு.

முதல் புட்டிக்கு நெத்திலி, காடியில் ஊறிய மிளகாய்.
இரண்டாவதற்குச் சிப்பி, கடுகு வாசத்தோடு.
மூன்றாவதற்கு இறால், ஓட்டோடு, கைசுடச்சுட.
நான்காவது வரை உட்காரத் தெரிந்தவனுக்குக்
கரியில் வாட்டிய பேய்க்கணவாயின் ஒரு கால்.
ஐந்தாவதை நான் பார்த்ததில்லை.
பார்த்தவர்கள்
விவரிக்கும் நிலையில் இருந்ததில்லை.

நான் அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன்.
மாதக் கடைசி வியாழன், கதவு சாத்தியபின்,
எண்ணெய் படிந்த காகித விரிப்பின் மேலேயே
பேரேட்டைத் திறப்பேன்.
இந்தப் பக்கம் புட்டிகள்,
அந்தப் பக்கம் மீன்காரன் ஸ்டேர்கியோஸின் ஈரச் சீட்டுகள்.
ரயிலில் எதிரெதிரே அகப்பட்ட அந்நியர்கள்போல
இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருக்கும்.

"இருபத்தொரு புட்டி விற்ற நாளில்
முழுசாக ஒரு பேய்க்கணவாய் தீர்ந்திருக்கிறது.
நான்காவது புட்டிக்குப் போனவர்கள் இரண்டே பேர்.
மிச்சம் ஆறு கால்
எங்கே நடந்து போயிற்று?"
அவள் கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"எழுது. உடைந்த கோப்பை, ஆறு."

எழுதினேன்.
வருட முடிவில் கூட்டிப் பார்த்தால்
முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்பைகள் உடைந்திருந்தன,
மொத்தமே தொண்ணூறு கோப்பை இருக்கிற கடையில்.
வரி அலுவலகத்துப் பெண் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்:
"அங்கே சண்டை அதிகமோ?"
"காற்று," என்றேன். "துறைமுகக் காற்று."

அதற்குப் பிறகுதான் கடை திறந்திருக்கும்போது
ஒருநாள் போய் மூலையில் உட்கார்ந்தேன்.
துறையில் அன்று வேலை கிடைக்காத அக்ரோன்
ஒரே புட்டியை இரண்டு மணி நேரம் நீட்டிக்கொண்டிருந்தான்.
அவன் முன்னே கால் வந்து உட்கார்ந்தது.
இரவுப் பணி முடித்த செவிலி அரெட்டி
தண்ணீர் மட்டும் கேட்டாள். இறால் வந்தது, பிறகு இன்னும் இறால்.
மரக்கடை முதலாளி நோட்டை ஆட்டி
முதல் புட்டிக்கே கணவாய் கேட்டார்.
அவருக்கு நெத்திலி.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பளிங்கில் தட்டு வைக்கும் சத்தம்
எல்லா மேசைக்கும் ஒரே சத்தம்.

பிப்ரவரியில் ஒரு நாள் பேரேடு இல்லாமல் போனேன்.
அன்று மதியம்தான் மருத்துவர்
என் நெஞ்சின் படத்தை விளக்கொளியில் மாட்டி
பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டிருந்தார்.
வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

"சோம்பு போட்டதா, போடாததா?"
"எதுவானாலும்."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.
ஒன்பது வருடத்தில் நான் எதுவானாலும் என்றதில்லை,
எண்களிலும் சரி, சோம்பிலும் சரி.
உள்ளே போனாள்.

முதல் புட்டி. கரி வாசத்தோடு கணவாயின் கால்.
அதை முடிக்கும் முன்னே இன்னொரு தட்டு.
வட்டமாகக்கூட நறுக்காத உருளைக்கிழங்கு,
அங்கங்கே கருகியது,
மேலே உடைத்து ஊற்றிய ஒரு முட்டை,
கல் உப்பு.
அவ்வளவுதான் அந்த ஐந்தாவது.
ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டேன்,
தட்டில் பூ வரைந்திருப்பது தெரியும்வரை.

வியாழக்கிழமை பேரேட்டைத் திறந்து
யாரும் சொல்லாமல் நானே எழுதினேன்:
உடைந்த கோப்பை, இரண்டு.
தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள்
ஈர விரலால் அந்த எண்ணைத் தேய்த்தாள்.
"ஒன்று," என்றாள்.
"உருளைக்கிழங்கு
எனக்கு ராத்திரிக்கு வைத்திருந்தது."